விண்டோஸில் மட்டும் விழுகிற டெஸ்ட்: எப்போது ஸ்கிப் போடலாம்?

கிளிநொச்சிப் பக்கம் பைதன் பழகுகிற பிள்ளைகளின் கையில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் போட்ட லப்டொப். எழுதியதை கிட்ஹப் என்ற நிரல் களஞ்சியத் தளத்தில் ஏற்றினால் அங்கே டெஸ்டுகளை, அதாவது நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற சின்ன நிரல்களை, ஓட்டுவது உபுண்டு என்ற லினக்ஸ். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற யாராவது எட்டிப் பார்த்து உதவ வந்தால் அவருடைய மெஷினிலும் லினக்ஸ்தான். நிரல் ஒன்று, டெஸ்ட் ஒன்று. ஆனால் ஒரு திரையில் பச்சை, இன்னொரு திரையில் சிவப்பு. உடனே ஒரு கேள்வி வரும்: "அண்ணை, இதை ஸ்கிப் பண்ணி விடட்டே?"

ஸ்கிப் என்றால் அந்த டெஸ்டை ஓட்டாமல் தாண்டச் சொல்வது. சில வேளை ஓம். ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் ஸ்கிப் போடுகிற இடங்களில் பாதிக்கு மேல் ஸ்கிப் போடக்கூடாத இடங்கள் என்பது என் அபிப்பிராயம். எப்படிப் போடுவது என்பது ஐந்து நிமிட வேலை. போடலாமா என்று தீர்மானிப்பதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதனால் அதை முதலில் பார்ப்போம்.

இந்தக் கட்டுரையில் பைதன் சொற்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன நிரலை வைத்துக்கொள்வோம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களின் பெயர் தமிழில் இருக்கிற ஒரு சிஎஸ்வி கோப்பு. ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு அளந்த மழை மில்லிமீற்றரில், குளத்து நீர்மட்டம் அடியில். நிரல் அதை வாசித்து, காலபோகத்துக்கு எவ்வளவு, சிறுபோகத்துக்கு எவ்வளவு என்று கூட்டித் தரும். பழைய கொப்பிகளில் கிடந்த தொண்ணூறுகளின் கணக்கையும் யாரோ பொறுமையாக இருந்து ஏற்றியிருக்கிறார்கள். இந்த நிரலின் மூன்று டெஸ்டுகள் விண்டோஸில் விழுகின்றன. மூன்றும் மூன்று சாதி.

படி 1: ஏன் விழுந்தது என்று பாருங்கள்

முதல் டெஸ்ட் கோப்பை வாசிக்கிறது. லினக்ஸில் ஒரு பிரச்சினையும் இல்லை. விண்டோஸில் யூனிகோட் டீகோட் எரர்: இன்ன பைட்டை சார்மாப் கோடெக்கால் வாசிக்க முடியவில்லை என்று வருகிறது. பைட் எது என்று பார்த்தால் பதினறும எண்ணில் 'எட்டு டி', அதாவது 141.

அந்த 141 வேறொன்றுமில்லை, நம்முடைய புள்ளி. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்துக்கும் அதில் சேர்கிற குறிக்கும் தனித்தனியே மூன்று பைட். மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளிக்கு மூன்றாவது பைட் 141. ஆங்கில அமைப்பில் இருக்கிற விண்டோஸ் மெஷினில், என்கோடிங் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் பைதன் எடுப்பது 1252 என்ற பழைய விண்டோஸ் எழுத்துப் பட்டியலை. அந்தப் பட்டியலில் 141 ஆம் இடம் வெற்றிடம். ஆகவே தலைப்பு வரியில் இருக்கிற 'நாள்' என்ற சொல்லிலேயே வாசிப்பு முறிந்துவிட்டது. 'முத்தையன்கட்டு' என்ற பெயர் முதலில் வந்திருந்தால் புள்ளி வரும்வரைக்கும்கூடப் போகாது. முதல் எழுத்தான 'மு'விலேயே விழும், ஏனென்றால் உகரக் குறியின் மூன்றாவது பைட்டான 129 க்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. 'மழை' என்ற சொல்லில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. அதனால் அது எரர் தராமல், கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக உள்ளே வந்துவிடும். இது இன்னும் மோசம். டெஸ்ட் விழாது, கணக்கு மட்டும் பிழையாகும்.

இந்த டெஸ்டுக்கு ஸ்கிப் போடலாமா? கூடாது. விண்டோஸால் தமிழ்க் கோப்பை வாசிக்க முடியும். நாங்கள்தான் எப்படி வாசிப்பது என்று சொல்லவில்லை. ஓப்பன் கட்டளையில் என்கோடிங் = "யூடிஎஃப்-8" என்று ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது. இங்கே ஸ்கிப் போட்டால், விண்டோஸ் வைத்திருக்கிற கமக்காரர் அமைப்பின் செயலாளர் நிரலைத் திறக்கும்போது அவருடைய திரையில் அது விழும். அந்த நேரம் பார்த்துக்கொண்டிருக்க டெஸ்ட் இருக்காது. (பைதன் 3.15 இலிருந்து யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று தீர்மானித்திருக்கிறார்கள். ஆனால் பழைய பைதன் கிடக்கிற மெஷின்கள் இன்னும் பல வருடம் இருக்கும்.)

கோப்புப் பாதையில் சாய்கோட்டை நீங்களே எழுதியது, பெரிய எழுத்துச் சிறிய எழுத்து மாறிய கோப்புப் பெயர், வரி முடிவில் வருகிற இரண்டு எழுத்து என்பனவும் இதே சாதி. எல்லாம் எங்கள் நிரலின் குறை. திருத்த வேண்டும்.

இரண்டாவது டெஸ்ட் நேரம் பற்றியது. இதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

இலங்கையில் 1996 மே 25 அன்று, மின் தட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காக அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. உலகப் பொது நேரத்துடன் ஐந்தரை மணித்தியாலமாக இருந்த வித்தியாசம் ஆறரை ஆனது. அதே வருடம் ஒக்டோபர் 26 அன்று அரை மணி பின்வாங்கி ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. இவ்வளவும் நேரவலயத் தரவுத்தளத்தில் 'ஆசியா/கொழும்பு' என்ற பெயரின் கீழ் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய ஐந்தரையிலேயே நின்றது. சமாதான காலத்தில் ஏ9 வீதியால் வந்து ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டியவர்கள் கைக்கடிகாரத்தைத் திருப்பிய கதை இதுதான். நேரவலயத் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் 'ஆசியா/கொல்கத்தா'வைப் பயன்படுத்தலாம் என்று அதன் ஆசியக் கோப்பில் 2006 இலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே 1997 டிசம்பரில் முத்தையன்கட்டில் காலை எட்டரைக்கு அளந்தது என்று கொப்பியில் இருந்தால், உலகப் பொது நேரத்தில் அது மூன்று மணி. கொழும்பு வலயத்தைப் போட்டால் இரண்டரை என்று வரும், பிழை. அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியா நகரக் கணக்கு என்றால் இரண்டரைதான் சரி. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறோம். நல்ல டெஸ்ட். அது லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸில் 'அந்தப் பெயரில் நேரவலயம் கிடைக்கவில்லை' என்று விழுகிறது.

காரணம் சிறியது. பைதன் 3.9 இல் வந்த சோன்இன்ஃபோ மொடியூல் தனக்கென்று தரவு வைத்திருப்பதில்லை. லினக்ஸில் இயங்குதளத்துடன் வருகிற தரவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அப்படி ஒரு கோப்புறை இல்லை. பைதன் பொதிகளை நிறுவுகிற பிப் மூலம் டிஇசட்டேட்டா என்ற பொதியை நிறுவினால் சரியாகிவிடும். சின்னப் பொதிதான், போன் ஹொட்ஸ்பொட்டிலேயே இறங்கிவிடும். அதை உங்கள் தேவைப் பட்டியல் கோப்பிலும் எழுதிவிடுங்கள். இங்கேயும் ஸ்கிப் தேவையில்லை. 'இல்லை' என்பதற்கும் 'இன்னும் நிறுவவில்லை' என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நிரலைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிற டொக்கரின் மெலிந்த படிமங்களில் லினக்ஸிலும் இந்தத் தரவு இல்லாமல் போகலாம். ஆகவே 'விண்டோஸ் என்றால் விழும்' என்று நினைத்ததே பிழையான நோய் நிர்ணயம்.

மூன்றாவது டெஸ்ட், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நேரவலயத்தை மாற்றி, நிரல் தடுமாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதற்கு டைம் மொடியூலில் டிஇசட்செட் என்ற செயற்கூறு வேண்டும். அது யுனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் மட்டுமே உண்டு. விண்டோஸ் பைதனில் அந்தப் பெயரே கிடையாது. நிறுவவும் முடியாது, எங்கள் நிரலில் திருத்தவும் ஒன்றுமில்லை.

சரி, இதற்கு ஸ்கிப் போடலாம். மூன்றில் ஒன்று.

படி 2: எதைக் கேட்டு ஸ்கிப் போடுவது

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று 'நீ யார்' என்று கேட்பது: சிஸ் டொட் பிளாட்ஃபார்ம் என்பதைப் பார்த்து விண்டோஸா லினக்ஸா என்று அறிவது. மற்றது 'உன்னிடம் இது இருக்கிறதா' என்று கேட்பது. இரண்டாவதால் முடியுமானால் எப்போதும் இரண்டாவது. ஹாஸ்ஆட்டர் என்ற செயற்கூறுக்கு டைம் மொடியூலையும் டிஇசட்செட் என்ற பெயரையும் கொடுத்தால், உண்டு இல்லை என்று சொல்லிவிடும். பைதனின் சொந்த டெஸ்டுகளிலும் டிஇசட்செட்டுக்கு இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். நாளைக்கு வேறொரு இயங்குதளம் வந்தாலும் இந்தக் கேள்வி பழசாகாது.

'நீ யார்' என்று கேட்க வேண்டி வந்தால் சில பள்ளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் தன்னை 'வின்32' என்றுதான் சொல்லும். 64 பிட் மெஷினிலும் அதேதான், குழம்ப வேண்டாம். மக் தன்னை 'டார்வின்' என்று சொல்லும். இப்போது, பெயருக்குள் 'வின்' இருக்கிறதா என்று தேடி விண்டோஸைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தால் என்ன ஆகும்? டார்வினுக்குள்ளும் 'வின்' இருக்கிறது. மக் வைத்திருப்பவரின் டெஸ்டுகள் காரணம் தெரியாமல் ஸ்கிப் ஆகிக்கொண்டிருக்கும். மக் நம் பக்கம் அபூர்வம் என்பதால் இந்தப் பிழை வருடக்கணக்கில் கண்ணில் படாது. முழுப் பெயரையும் சமன் போட்டுப் பாருங்கள், அல்லது தொடக்கத்தைப் பாருங்கள்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் போட்டவர்களுக்குப் பதில் 'லினக்ஸ்' என்றே வரும். அது சரியும்கூட, ஏனென்றால் அங்கே ஓடுவது லினக்ஸ் பைதன். லப்டொப் இல்லாமல் ஆண்ட்ராய்ட் போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைச் செயலியைப் போட்டுப் பழகுபவர்களும் இருக்கிறார்கள். முன்பு அங்கேயும் 'லினக்ஸ்' என்று வந்தது. பைதன் 3.13 இலிருந்து 'ஆண்ட்ராய்ட்'.

ஹாஸ்ஆட்டரும் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. குறியீட்டு இணைப்பு (வேறொரு கோப்பைச் சுட்டுகிற கோப்பு) உருவாக்குகிற ஓஎஸ் டொட் சிம்லிங்க் விண்டோஸிலும் இருக்கிறது. கேட்டால் 'இருக்கு' என்று சொல்லும். கூப்பிட்டால் அனுமதி இல்லை என்று விழும். டெவலப்பர் மோடை இயக்கினால் அல்லது நிர்வாகியாக ஓட்டினால்தான் விடும். இப்படியானவற்றைக் கேட்டுப் பயனில்லை, செய்துதான் பார்க்க வேண்டும். தற்காலிகக் கோப்புறையில் ஒரு இணைப்பை உருவாக்கிப் பார்த்து, முடிந்தால் உண்மை, முடியாவிட்டால் பொய் என்று திருப்பித் தருகிற நாலு வரிச் செயற்கூறு ஒன்றை எழுதி, அதன் பதிலை நிபந்தனையாக வையுங்கள்.

படி 3: எழுதுவது

இணைய வசதி இல்லாத இடத்தில் இருக்கிறீர்களா? பைதனுடனே வருகிற யுனிட்டெஸ்ட் போதும். டெஸ்டுக்கு மேல் வரியில் இப்படி வரும்:

@யுனிட்டெஸ்ட்.ஸ்கிப்அன்லெஸ்(ஹாஸ்ஆட்டர்(டைம், "டிஇசட்செட்"), "டிஇசட்செட் இல்லாத இயங்குதளம்")

ஸ்கிப்அன்லெஸ் என்றால் நிபந்தனை பொய்யானால் தாண்டும். ஸ்கிப்இஃப் என்றால் உண்மையானால் தாண்டும். இரண்டையும் மாற்றிப் போடுவது சர்வசாதாரணம். போட்டதும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தனியாக நிறுவ வேண்டிய பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஸ்கிப்இஃப் மட்டும்தான் இருக்கிறது. அதனால் 'நொட்' சேர்க்க வேண்டும்:

@பைடெஸ்ட்.மார்க்.ஸ்கிப்இஃப்(நொட் ஹாஸ்ஆட்டர்(டைம், "டிஇசட்செட்"), ரீசன்="டிஇசட்செட் இல்லாத இயங்குதளம்")

ரீசனை விட்டுவிட்டால் பைடெஸ்ட் சண்டைக்கு வரும். நல்லதுதான். 'விண்டோஸில் வேலை செய்யாது' என்று எழுதுவது காரணம் ஆகாது. என்ன இல்லை என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வாசிப்பவர், இந்த ஸ்கிப் இன்னும் தேவையா என்று அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவெடுப்பார். தமிழிலும் எழுதலாம். விண்டோஸில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் எழுத்துச் சிதையலாம். முன்னே சொன்ன அதே 1252 தான் காரணம். பைதன்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறியை 1 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஒரே நிபந்தனை பல டெஸ்டுகளுக்கு வருமானால் ஒவ்வொன்றின் தலையிலும் நீளமாக எழுதாதீர்கள். முழு மார்க்கையும், அதாவது @ குறிக்குப் பின்னால் வருகிற முழுவதையும், ஒரு பெயரில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் போடலாம். பைதன் 3 தமிழ் எழுத்தில் மாறிப் பெயரை ஏற்கும் என்பதால் 'டிஇசட்செட்_வேண்டும்' என்று தமிழிலேயே வைத்தாலும் ஓடும். டெஸ்டின் பெயரையும் தமிழில் வைக்கலாம். ஆனால் தொடக்கத்தில் வருகிற 'டெஸ்ட் அடிக்கோடு' மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைடெஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. கோப்பு முழுவதையும் தாண்ட வேண்டும் என்றால் கோப்பின் மேலே பைடெஸ்ட்மார்க் என்ற பெயருக்கு அந்த மார்க்கைக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழுகிற கல் ஒன்று இருக்கிறது. கோப்பைப் பூட்டுவதற்கு எஃப்சிஎன்டிஎல் மொடியூல் வேண்டும். அது விண்டோஸில் இல்லை. கோப்பின் முதல் வரியில் அதை இம்போர்ட் செய்துவிட்டு, கீழே டெஸ்டுக்கு அழகாக ஸ்கிப்இஃப் போட்டிருப்பார்கள். ஆனாலும் விழும். பைதன் மேலிருந்து கீழே வாசிக்கிறது. ஸ்கிப் வரியை எட்டுவதற்கு முன்பே இம்போர்ட் வரியில் கோப்பு முழுவதும் சரிந்துவிடும். இதற்கு பைடெஸ்டில் இம்போர்ட்ஓர்ஸ்கிப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. சாதாரண இம்போர்ட்டுக்குப் பதிலாக அதை எழுதினால், மொடியூல் இல்லாதபோது அந்தக் கோப்பில் உள்ள டெஸ்டுகள் எல்லாம் தாண்டப்படும். எல்லாம் என்பதைக் கவனியுங்கள். எஃப்சிஎன்டிஎல் தேவைப்படாத டெஸ்டுகளும் அதே கோப்பில் இருந்தால் அவையும் போய்விடும். பூட்டு டெஸ்டுகளைத் தனிக் கோப்பில் வைப்பதே வசதி.

டெஸ்டுக்குள்ளே பாதியில்தான் தெரியவரும் என்றால், அந்த இடத்தில் பைடெஸ்ட் டொட் ஸ்கிப் என்று காரணத்துடன் கூப்பிடலாம். யுனிட்டெஸ்டில் செல்ஃப் டொட் ஸ்கிப்டெஸ்ட். ஆனால் 'விண்டோஸ் என்றால் ரிட்டர்ன்' என்று எழுதி வெளியே வந்துவிடாதீர்கள். அப்படி வந்தால் டெஸ்ட் தேறியதாகவே கணக்காகும். ஸ்கிப் என்பது 'பார்க்கவில்லை' என்று எழுதி வைப்பது. ரிட்டர்ன் போடுவது பார்க்காமலே 'சரி' என்று கையெழுத்துப் போடுவது.

நிரலில் பிழை இருப்பது தெரியும், இப்போதைக்குத் திருத்த நேரமில்லை என்றால் அதற்கு ஸ்கிப் வேண்டாம், எக்ஸ்ஃபெயில் போடுங்கள். டெஸ்ட் ஓடும், விழுந்தால் 'எதிர்பார்த்ததுதான்' என்று குறித்துக்கொள்ளும். ஸ்ட்ரிக்ட் என்பதையும் உண்மை ஆக்கிவிட்டால், யாராவது பிழையைத் திருத்திய அன்றைக்கு டெஸ்ட் சிவப்பாகி, மார்க்கை எடுக்கச் சொல்லி நினைவூட்டும். ஸ்கிப் அப்படி எழுப்பாது, தூங்கிக்கொண்டே இருக்கும்.

படி 4: எது தாண்டப்பட்டது என்று பார்ப்பது

பைடெஸ்டை வெறுமனே ஓட்டினால் தாண்டிய டெஸ்டுக்கு ஒரு சிறிய 'எஸ்' எழுத்து மட்டும் வரும், காரணம் வராது. கட்டளைக்குப் பின்னால் சிறுகோடு, ஆர், எஸ் என்று சேர்த்தால் கோப்பு, வரி எண், காரணம் மூன்றும் கடைசியில் பட்டியலாக வரும். யுனிட்டெஸ்டுக்கு சிறுகோடு, வி. இதை வழக்கமாகவே போட்டு ஓட்டுங்கள். மார்க் போட்ட டெஸ்டுகள் அத்தனையும் ஸ்கிப் ஆனாலும் பைடெஸ்ட் அதைத் தோல்வி என்று சொல்லாது என்பதால், நீங்கள்தான் பட்டியலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைசி வேலை, தாண்டப்பட்ட டெஸ்ட் வேறு எங்கேயாவது ஓடுகிறதா என்று உறுதிசெய்வது. கூட்டத்தில் எல்லோரும் விண்டோஸ் என்றால் டிஇசட்செட் டெஸ்ட் ஒருவரிடமும் ஓடாது. கிட்ஹப் ஆக்சன்ஸில் மேட்ரிக்ஸ் என்ற பகுதியில் உபுண்டு, விண்டோஸ் இரண்டையும் எழுதினால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிடும். பொது ரெப்போவுக்குக் காசு இல்லை. அங்கே ஃபெயில்ஃபாஸ்ட் என்பதைப் பொய் ஆக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒன்றில் விழுந்ததும் மற்றதை நடுவில் நிறுத்திவிடும், இரண்டையும் ஒப்பிட முடியாது. இரண்டு ஓட்டத்தின் ஸ்கிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் அந்த டெஸ்ட் உலகத்தில் எங்கேயும் ஓடவில்லை. நிபந்தனையில் கேட்கிற பெயரை எழுத்துப் பிழையுடன் எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

லினக்ஸ் பக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 'வாசிக்க அனுமதி இல்லாத கோப்பைத் திறந்தால் எரர் வர வேண்டும்' என்று ஒரு டெஸ்ட் எழுதியிருந்தால், உங்கள் உபுண்டுவில் தேறும். டொக்கருக்குள் ஓட்டினால் விழும். அங்கே நீங்கள் ரூட் பயனர், ரூட்டுக்கு எந்தக் கோப்பும் தடையில்லை. அந்த டெஸ்டுக்கான நிபந்தனையில் இயங்குதளத்தின் பெயர் வர வேண்டியதில்லை. பயனர் எண் பூச்சியமா என்று கேட்க வேண்டும். அதற்கான கெட்யூஐடி விண்டோஸில் இல்லை என்பதால் ஹாஸ்ஆட்டர் கேள்வியை அதற்கு முன்னால் வையுங்கள்.